கட்டைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

பெஞ்ச்ரெஸ்ட் என்ற துப்பாக்கி சுடும் போட்டியில் நின்றும் சுடுவதில்லை, படுத்தும் சுடுவதில்லை. அசையாத மேசை ஒன்று, முன்னால் ஒரு தாங்கி, பின்னால் ஒரு மணல் பை, அவற்றின்மேல் ரைஃபிள். 100 கெஜத்திலும் 200 கெஜத்திலும் வைத்த அட்டையில் ஐந்து குண்டுகளை ஒரே துளையாகப் போடப் பார்ப்பதுதான் ஆட்டம். ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளப்பார்கள். ஐந்து துளைகள் சேர்ந்தது ஒரு கொத்து; இப்படி ஐந்து கொத்துகளின் சராசரி கணக்கில் சேரும். 100 கெஜத்தில் கால் அங்குலச் சராசரி, அதாவது 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், என்றால் களத்தில் மரியாதை உண்டு; பரிசு அதற்கும் கீழேதான் இருக்கிறது. இந்தத் தரத்துத் துப்பாக்கியைக் கடையில் முழுசாக வாங்குகிறவர் குறைவு. ஆட்டம் வளர்ந்த அமெரிக்காவில் தோட்டாவை அடைத்துப் பூட்டும் உறுப்பான ஆக்‌ஷனை ஓரிடத்திலும், குழலை வேறிடத்திலும், விசையை இன்னோரிடத்திலும் வாங்கி, பட்டறைக்காரர் ஒருவரிடம் கொடுத்துச் சேர்ப்பார்கள். கடைசியில், கையில் காசு கரைந்திருக்கும் நேரத்தில், கட்டையின் முறை வரும். அவர்கள் ஸ்டாக் என்கிறார்கள். கண்ணாடி இழையில் வார்த்தாலும் கார்பன் இழையில் வார்த்தாலும் நம் வாயில் அது கட்டைதான்.

அந்த நேரத்தில் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் யோசனைகள் இரண்டு. ‘ஒரே தடவை நல்லதாக வாங்கிவிடு, பிறகு அழ வேண்டாம்’ என்பது ஒன்று. ‘கட்டை வெறும் பிடிதானே, குறி பார்ப்பது குழல், அங்கே செலவு செய்’ என்பது மற்றது. இரண்டிலும் உண்மை இருக்கிறது, இரண்டும் தவறான தராசில் நிறுக்கின்றன. பாதி குடைந்த லேமினேட் மரக்கட்டை சில நூறு டாலருக்குள் கிடைக்கும். பெயர்பெற்ற பட்டறையின் ஃபைபர்கிளாஸ் கட்டைக்கு அதைப்போல் மூன்று நான்கு மடங்கு கேட்பார்கள். கார்பன் இழைக் கட்டை ஆயிரம் டாலரைத் தாண்டும். இந்த வித்தியாசத்தைத் துல்லியத்தின் விலை என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் அது பெரும்பாலும் எடையின் விலை. எடை எங்கே உங்களைக் கட்டிப்போடுகிறதோ அங்கே மலிவுக் கட்டை நஷ்டம். எங்கே கட்டிப்போடவில்லையோ அங்கே விலை உயர்ந்த கட்டை ஆடம்பரம்.

இதைச் சொல்ல, கட்டை உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். குறுந்தூரப் போட்டியை நெடுங்காலமாக ஆண்டுவரும் தோட்டா, லூயி பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் 1975இல் உருவாக்கிய 6 மி.மீ. பிபிசி. அதில் 68 கிரெயின் குண்டும் ஏறத்தாழ 30 கிரெயின் மருந்தும் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கி 10.5 பவுண்டு, அதாவது 73,500 கிரெயின். குண்டு குழலுக்குள் 20 அங்குலம் ஓடி வெளியேறும்போது, உந்தக் கணக்குப்படி, துப்பாக்கி பின்னால் நகர்ந்திருப்பது 0.023 அங்குலம், அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான். துப்பாக்கி மணல் பையின்மேல் தண்டவாளத்தில் போவதுபோல் நேராக வழுக்கி வருகிறதே, விற்பவர்கள் அதைக் காட்டிக் கட்டையைப் புகழ்வார்களே, அந்த அழகான ஓட்டத்தில் பெரும்பகுதி நடக்கும்போது குண்டு துப்பாக்கியோடு இல்லவே இல்லை. அப்படியானால் நேரான ஓட்டம் வீணா? இல்லை, அதன் பயன் வேறு. நேராகப் பின்வாங்கும் துப்பாக்கியை நேராக முன்னே தள்ளினால் குறி பழைய இடத்திலேயே வந்து நிற்கும். காற்று ஒரே நிலையில் இருக்கும் அரை நிமிடத்துக்குள் ஐந்தையும் சுட்டு முடிக்கலாம். ஆக, கட்டையிடம் கேட்க வேண்டியவை இவை: முதல் அரை மில்லிமீட்டரில் ஆக்‌ஷனை நெளியவிடாமல் பிடிப்பது, பிறகு நேராக ஓடித் திரும்புவது, விதி சொல்லும் எடைக்குள் அடங்குவது. முதல் இரண்டும் வடிவத்தையும் கைவேலையையும் பொறுத்தவை. தட்டையான அடிப்பாகம் கொண்ட, ‘வார்மிண்ட்’ என்ற எடை வகுப்புகளின் விதிகள் அனுமதிக்கும் 3 அங்குல அகல முன்கட்டையை மரத்திலும் செதுக்கலாம், இழையிலும் வார்க்கலாம். மூன்றாவது மட்டும்தான் பொருளைப் பொறுத்தது.

அந்த மூன்றாவதில்தான் பணம் பேசுகிறது. லைட் வார்மிண்ட் வகுப்புக்கும் ஸ்போர்ட்டர் வகுப்புக்கும் உச்ச எடை 10.5 பவுண்டு, நம் கணக்கில் 4.76 கிலோ. தொலைநோக்கியோடு சேர்த்து. குழல் 5 பவுண்டு, ஆக்‌ஷன் 2, தொலைநோக்கியும் அதன் வளையங்களும் விசையும் சேர்ந்து ஒன்றரை என்று போட்டால், கட்டைக்கு மிஞ்சுவது 2 பவுண்டு. பிர்ச் மரத் தகடுகளை ஒட்டிச் செய்த அகலமான லேமினேட் கட்டை சாதாரணமாக 3 பவுண்டைத் தாண்டும். அந்த ஒரு பவுண்டு எங்கிருந்து வரும்? குழலை மெலிதாக்க வேண்டும், அல்லது குட்டையாக்க வேண்டும். துப்பாக்கியில் தடித்து விறைப்பாக இருக்க வேண்டிய முக்கிய உறுப்பை அரைத்து, பிடிக்கு எடை கொடுக்கிறோம். இல்லையென்றால் கட்டையின் வயிற்றைத் துளையிட்டுக் குடைந்து, பிறகு விறைப்புக்காக உள்ளே இழை ஒட்டி, இரண்டு வார இறுதிகளைத் தொலைக்க வேண்டும். சில நூறு டாலர் மிச்சம் பிடித்தவர் கட்டும் வட்டி இது. செட் பிரவுனும் லீ சிக்ஸும் 1960களின் பிற்பகுதியில் ஃபைபர்கிளாஸ் கட்டைகளைச் செய்யத் தொடங்கியதும், அடுத்த பத்தாண்டில் கேல் மெக்மில்லன் அதைத் தொழிலாகவே நடத்தியதும் வெறும் மோகத்தால் அல்ல. கட்டையில் குறைத்த ஒவ்வோர் அவுன்ஸும் குழலுக்குப் போனது. அதனால்தான் களத்தில் வால்நட் கட்டைகள் மறைந்தன.

எடை வரம்பு உயர உயர இந்த வாதம் வலுவிழக்கிறது. ஹெவி வார்மிண்ட் வகுப்பில் வரம்பு 13.5 பவுண்டு. 1970 முதல் இயங்கும் இன்டர்நேஷனல் பெஞ்ச்ரெஸ்ட் ஷூட்டர்ஸ் (ஐ.பி.எஸ்.) அமைப்பு, கொத்தின் அளவுக்குப் பதிலாகப் புள்ளி எண்ணி நடத்தும் வார்மிண்ட் போட்டியிலும் அதே 13.5 தான். பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் 1960களிலிருந்து நடந்துவரும் 1000 கெஜப் போட்டியில் ‘லைட் கன்’ எனப்படுவதே 17 பவுண்டு; ‘ஹெவி கன்’ வகுப்பின் துப்பாக்கியைத் தூக்கி வைக்க இன்னொரு ஆள் வேண்டியிருக்கும். இந்த வகுப்புகளில் 3 பவுண்டு, ஏன் 4 பவுண்டுக் கட்டைகூட யாரையும் உறுத்தாது. மாறாக, கனமான கட்டை பின்னுதைப்பைக் குறைக்கிறது. மேலே சொன்ன 0.023 அங்குலம், 13.5 பவுண்டுத் துப்பாக்கியில் 0.018 ஆகிறது. இங்கே கார்பன் இழைக் கட்டைக்கு ஆயிரம் டாலர் கொடுத்துவிட்டு, எடை போதவில்லை என்று பின்கட்டைக்குள் ஈயம் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது. சாவேஜ் நிறுவனம் தன் மாடல் 12 பெஞ்ச்ரெஸ்ட் துப்பாக்கிக்கு சாம்பல் நிற லேமினேட் கட்டையைப் பொருத்தி விற்றது. விலையை அடக்க வேண்டிய தொழிற்சாலை எங்கே சிக்கனம் பிடிக்கலாம் என்று சரியாகக் கணக்குப் போட்ட இடம் அது.

மரம் என்றதும் எழும் முதல் ஆட்சேபம் ஈரம். மரம் இழைவாக்கில் அதிகம் நீள்வதில்லை. குறுக்குவாக்கில் உப்பும், சுருங்கும். மழைக்காலத்தில் நிலையில் முட்டும் கதவு எல்லோர் வீட்டிலும் உண்டு. ஒற்றைப் பலகையில் செதுக்கிய வால்நட் கட்டையின் முன்பகுதி இப்படி வளைந்து குழலைத் தொட்டால், குறி போகும் திசையே மாறிவிடும். லேமினேட் கட்டையில் மெல்லிய தகடுகள் பிசினில் ஊறி அழுத்தத்தில் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொரு தகடும் தன் போக்கில் இழுக்க, மொத்தத்தில் இழுப்பு தணிகிறது. ஈரம் முழுக்க நின்றுவிடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆட்சேபத்தைச் சொல்கிறவர்கள் வேட்டைக்காரரின் கவலையைக் கடன் வாங்கிச் சொல்கிறார்கள். வேட்டைக்காரர் சென்ற மாதம் சரிபார்த்த துப்பாக்கியை இன்று காட்டில் ஒரே ஒரு முறை சுடுகிறார். குறி ஓர் அங்குலம் நகர்ந்திருந்தாலும் அவருக்குத் தெரிய வழியில்லை. பெஞ்ச்ரெஸ்ட் ஆட்டக்காரருக்கு ஐந்து குண்டுக்கு 7 நிமிடம் உண்டு. அதே அட்டையில் சோதனைக்கென்று தனிக் கட்டமும், அதில் எத்தனை முறை வேண்டுமானாலும் சுடும் உரிமையும் உண்டு. வாரக்கணக்கில் ஊர்ந்து நகரும் குறியை அவர் முதல் நிமிடத்திலேயே திருகித் திருத்திவிடுவார். அவரைக் கெடுப்பது ஐந்து குண்டுகளுக்குள் மாறுகிற பிடிப்பு மட்டுமே. அதைத் தடுப்பது கட்டையின் பொருளைவிட, ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் போடும் எபாக்சிப் படுக்கையும், திருகின் இறுக்கத்தை மரத்தின்மேல் விடாமல் தானே தாங்கும் அலுமினியத் தூண்களும்தான். ஈரம் நுழையும் உண்மையான வாசல்கள் கண்ணில் படாதவை: குடைவின் உட்பக்கம், திருகுத் துளைகளின் சுவர், பின்கட்டை ரப்பருக்கு அடியில் இழை வெட்டுப்பட்ட முகம். வெளியே கண்ணாடிபோல் மெருகேற்றிய கட்டையில்கூட இந்த மூன்று இடங்களும் வெறும் மரமாகவே இருக்கக்கூடும். ஒரு கரண்டி எபாக்சியால் அடைபடுகிற வாசல்கள்.

வெற்றியாளர்களின் மேசையைப் பாருங்கள், அங்கே லேமினேட் எத்தனை என்பது அடுத்த ஆட்சேபம். குறுந்தூரத்தில் மிகக் குறைவு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மேசையில் இருப்பதெல்லாம் விலை உயர்ந்தவைதான்; குழலும், கையால் அடித்த குண்டும், காற்றை அளக்கும் கொடிகளும், நாற்பது வருடக் கண்ணும் சேர்ந்துதான் அங்கே வென்றிருக்கின்றன. அவற்றில் கட்டையின் பங்கை மட்டும் பிரித்துக் காட்ட, ஒரே ஆக்‌ஷனையும் ஒரே குழலையும் கட்டை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் காற்றில்லாத கூடத்தில், நூற்றுக்கணக்கான குண்டுகளுக்கு. வெற்றியாளர்களின் கருவிப் பட்டியல்களைக் காட்டி வாதிடுகிறவர்கள் அந்தச் சிரமத்தை எடுப்பதில்லை. தனிச் சாதனைகளும் உதவாது. மேக் மெக்மில்லன் 1973இல் 100 கெஜத்தில் போட்ட 0.009 அங்குலக் கொத்து நாற்பது ஆண்டுகள் நின்று 2013இல்தான் வீழ்ந்தது. இடையில் கட்டைத் தொழில்நுட்பம் எங்கோ போய்விட்டது. ஒரே ஒரு கொத்தில் அதிர்ஷ்டத்துக்கும் இடமுண்டு என்பதால் இதை நானும் சான்றாகக் கொள்ளவில்லை. இழைக் கட்டைதான் அதிர்வை அடக்கும் என்று பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதிர்வை விழுங்குவதில் அலுமினியமும் கார்பன்-எபாக்சியும் மரத்துக்குப் பின்னால்தான். உயர்விலைக் கட்டைகளில் சில, கார்பன் இழைத் தோலுக்குள் இலேசான மரத்தையே சதையாக வைத்திருப்பதைப் பார்க்கும்போது, மரத்தை விட்டு ஓடியவர்கள் சுற்றிவந்து மரத்திடமே நிற்பது தெரிகிறது.

லேமினேட்டின் உண்மையான குறை ஈரமும் அல்ல, மதிப்பும் அல்ல, வேலை. விலைச்சீட்டில் இருப்பது பாதிக் கட்டைதான். குடைவைச் சரிசெய்வது, தூண் வைப்பது, எபாக்சிப் படுக்கை போடுவது, அடிப்பாகத்தைச் சமப்படுத்துவது, மெருகேற்றுவது எல்லாம் மிச்சம். பட்டறைக்காரரிடம் மணிக்கணக்கில் கூலி கொடுத்தால் சேமிப்பில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். ஆகவே மலிவுக் கட்டை என்பது தன் கையால் வேலை செய்கிறவருக்கு மட்டுமே மலிவு. இதைச் சொல்லாமல் லேமினேட்டைப் பரிந்துரைப்பது நேர்மையில்லை. வேலை ஒன்றும் மந்திரமில்லை, பொறுமை போதும். தடித்த கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, முன்கட்டையின் அடியை அதன்மேல் நீளவாக்கில் தேய்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். படுக்கை சரியா என்று பார்க்க, முன்கட்டையின் நுனியில் டயல் கேஜைப் பொருத்தி அதன் ஊசியைக் குழலில் முட்டவிட்டு, ஆக்‌ஷனின் முன் திருகை மெல்லத் தளர்த்த வேண்டும். ஊசி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கு மேல் அசைந்தால், திருகை இறுக்கும்போதெல்லாம் ஆக்‌ஷன் வளைகிறது என்று அர்த்தம். படுக்கையைச் சுரண்டிவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். கடைசியாக, காலித் துப்பாக்கியைப் போட்டி மேசையில் போலவே வைத்து, தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு கையால் இரண்டு அங்குலம் பின்னால் இழுத்துப் பாருங்கள். குறுக்குக்கம்பி இலக்கிலிருந்து பக்கவாட்டில் விலகக் கூடாது. விலகினால் முன்கட்டையும் பின்கட்டையும் ஒரே கோட்டில் இல்லை. இந்த மூன்று சோதனைகளிலும் தேறாத விலை உயர்ந்த கட்டையைவிடத் தேறிய மரக்கட்டை மேல்.

தொழிற்சாலைத் துப்பாக்கிகளோடு வரும் ஊசிவார்ப்புப் பிளாஸ்டிக் கட்டையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. முன்பகுதி விரலால் அழுத்தினாலே வளைந்து குழலைத் தொடும், அடிப்பாகம் உருண்டை, எபாக்சி அதில் ஒட்டுவதற்கே அடம்பிடிக்கும். மலிவு என்ற சொல்லுக்கே அவமானம். அலுமினியச் சட்டம் வேறு போட்டிகளுக்கு வசதி; பெஞ்ச்ரெஸ்டில் எடைக்கு எடை அது தரும் நன்மை குறைவு.

எனக்குக் கடினமாகத் தோன்றும் ஆட்சேபம் வேறு. 6 மி.மீ. பிபிசி குழல், போட்டித் தரத்தில், ஆயிரம் ஆயிரத்தைந்நூறு குண்டுக்குள் தேய்ந்துவிடும். விடாமல் ஆடுகிறவர் வருடத்துக்கு ஒன்றாவது மாற்றுவார். கட்டையோ இருபது வருடம் நிற்கும். ஆண்டுக் கணக்கில் வகுத்தால் விலை உயர்ந்த கட்டைக்கு ஆகும் செலவு சில பெட்டி மருந்தின் விலைகூட இராது. போதாக்குறைக்கு, பலர் ஒரே 10.5 பவுண்டுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டே லைட், ஸ்போர்ட்டர், ஹெவி மூன்று வகுப்பிலும் ஆடுகிறார்கள். கனமான லேமினேட் கட்டையோடு வருகிறவருக்கு இரண்டு கதவுகள் மூடிவிடும். குறுந்தூரக் கொத்துப் போட்டியில் நிலைத்து ஆடப் போகிறவருக்கு இந்த வாதம் முற்றிலும் சரி. அவர் லேமினேட் வாங்கக் கூடாது. ஆனால் முதல் துப்பாக்கி கட்டுகிறவருக்கு, தான் கொத்துப் போட்டியில் நிற்பாரா, புள்ளிப் போட்டிக்குப் போவாரா, 1000 கெஜத்துக்கு ஓடுவாரா என்று அவருக்கே தெரியாது. ஒரு கட்டையை ஓர் ஆக்‌ஷனுக்கென்று குடைந்தபின் அது அந்த ஆக்‌ஷனுக்கே தாலி கட்டியதுபோல். அதே காசைக் காற்றுக்கொடிகளில் போட்டால் பலன் உடனே தெரியும்: மணிக்கு 1 மைல் வேகக் குறுக்குக்காற்று அந்த 68 கிரெயின் குண்டை 100 கெஜத்தில் ஏறக்குறைய 0.08 அங்குலம் தள்ளுகிறது. கவனிக்காமல் விட்ட மூன்று மைல் காற்றுக்கு முன்னால் எந்தக் கட்டையும் ஒன்றும் செய்ய முடியாது.

10.5 பவுண்டுதான் வேண்டும், காசும் இல்லை என்கிறவருக்கு வழி, பழைய ஃபைபர்கிளாஸ் கட்டை. இந்த ஆட்டத்தில் ஆட்களுக்கு வயதாகிக்கொண்டே இருக்கிறது. நல்ல கட்டைகள் கைமாறுகின்றன. ரெமிங்டன் 700 வடிவத்துக்குக் குடைந்ததாக இருந்தால் அதே அடித்தளத்தைப் பின்பற்றும் பல தனிப்பட்டறை ஆக்‌ஷன்களும் அதில் உட்காரும். போல்ட்டுக்கும் திறப்புக்கும் எந்தெந்தப் பக்கத்தில் குடைந்திருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். முந்தைய உரிமையாளர் ஆக்‌ஷனை எபாக்சியால் ஒட்டியே வைத்திருந்தால், பிரிக்கும்போது படுக்கை பெயர்ந்திருக்கும்; புதிதாகப் போடும் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். தீச்சுவாலையும் கழுகும் வரைந்து, அதன்மேல் கார் மெருகு பல கோட் அடித்த கட்டைகள் நிறைய வரும். அந்தப் படத்துக்குப் பல அவுன்ஸ் எடை உண்டு. 2 பவுண்டுக் கணக்கில் அது பெரிய துண்டு.

கட்டை விற்பவர்களிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. மரத்துக்கு மரம் கனம் வேறு; ஒரே அச்சில் வெட்டிய இரண்டு லேமினேட் கட்டைகளுக்குள்ளேயே பல அவுன்ஸ் வித்தியாசம் வரும். அப்படியிருக்க, விலைப்பட்டியலில் நிறம் எழுதுகிறீர்கள், மெருகின் பெயர் எழுதுகிறீர்கள், எடையை மட்டும் விட்டுவிடுகிறீர்கள், அல்லது தோராயமாக ஓர் எண்ணைப் போட்டு எல்லாவற்றுக்கும் பொதுவாக்கிவிடுகிறீர்கள். ஒவ்வொரு கட்டையையும் தராசில் வைத்து, விலைக்குப் பக்கத்தில் அதன் எடையை எழுதிவிடுங்கள். வாங்குகிறவர்களும் எடை தெரியாமல் பணம் அனுப்பாதீர்கள்.